புற்றுக்குப் பால்

ஒன்பது வெள்ளிக்கிழமைகள்! ஒன்பது செம்புப் பால்! ஒன்பது முட்டைகள்! அத்தனையையும் என் அக்கா, மருதையாற்றங்கரையில் வேப்பமரத்தடியிலே எழுந்து நிற்கும் பாம்புப் புற்றுக்குப் படைத்துவிட்டு வந்தாள். நாகம் பால் குடிக்கும் பிராணியன்று என்பதை அவள் அறியாள். அறிந்தவர் எவரும் அவளிடம் சொல்லவுமில்லை. பாலை மண் குடித்தது. முட்டையைக் கீரி தின்றது. மார்பிலே கட்டி வளர்ந்தது!

ஏன் ஊற்றினாள்? பெயர்ப்பொருத்தம் பார்த்துத்தான்! நோய்க்குப் பெயர் புற்று. பாம்பு குடியிருக்கும் மண்மேட்டுக்கும் பெயர் புற்று. பெயரிலே உறவு இருந்தால் பிணியிலும் உறவு இருக்கும் என்று பருத்திக்காட்டிலே ஒரு கிழவி சொன்னாள், அக்கா நம்பினாள். அவளை எள்ளி நகையாட இதை எழுதவில்லை, தோழர்களே! அந்தப் பாலைவிட வீணான காரியம் ஒன்றை, படித்தவன், பகுத்தறிவு பேசியவன், பெண்ணுரிமை பற்றி மேடையேறி முழங்கியவன் ஒருவன் செய்தான். அவன் நான். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட சீமை எங்களுடையது. ஒருபுறம் கரிசல் மண்ணிலே பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். மறுபுறம் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சிமெண்டு ஆலைக்கு அனுப்பும் பெரும்பள்ளங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் அலையடித்தது என்பதற்குச் சான்றாக, கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் கிடைக்கும் பூமி. மண்ணுக்குள்ளே கோடி ஆண்டு மறைந்து கிடந்ததையெல்லாம் தோண்டி எடுத்து, இன்னது இன்னது என்று பெயரிட்டுவிட்டோம். ஆனால், என் அக்காவின் மார்பிலே எட்டு மாதம் மறைந்திருந்ததை, ஒரே ஊரிலே உடன் வாழ்ந்த நாங்கள் ஒருவரும் அறியவில்லை!

2022ஆம் ஆண்டு தை மாதம். பருத்தி எடுத்துவிட்டு வந்து குளிக்கும்போது இடது மார்பிலே சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை. வலியில்லாததை நோயென்று யார் எண்ணுவார்? மார்பிலே வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதனாலேயே அது நாட்களைத் திருடிக்கொள்கிறது. வயது 52. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் சிமெண்டு ஆலையிலே வேலைக்குப் போகிறான். யாரிடம் சொல்வாள்? கணவரிடமா? மகனிடமா? தம்பியாகிய என்னிடமா?

மார்பு என்ற சொல்லே எங்கள் வீட்டிலே உச்சரிக்கப்படாத சொல். காவியத்திலே அதை வருணிக்கலாம். கோபுரத்திலே சிலையாக வடிக்கலாம். சினிமாச் சுவரொட்டியிலே முச்சந்திதோறும் ஒட்டலாம். அங்கெல்லாம் வராத நாணம், அதிலே ஒரு கட்டி இருக்கிறது என்று அதற்கு உடையவள் வாய்திறக்கும்போது மட்டும் ஓடிவந்து குறுக்கே நிற்கிறதே, இது என்ன நாணம்? யார் கற்பித்த நாணம்? யாரைக் காப்பாற்றும் நாணம்?

சுண்டைக்காய் எலுமிச்சங்காய் ஆயிற்று. ஆவணி மாதத்திலே, சர்க்கரை நோய்க்காரர்களின் கணக்கெடுக்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர், அக்கா கையைத் தூக்கிப் பரணிலிருந்து பானையை எடுக்கத் தயங்குவதைப் பார்த்தார். “ஏனக்கா, கை வலிக்குதா?” என்றார். அந்த ஒரு கேள்வி போதும்! எட்டு மாதமாக அணைபோட்டு வைத்திருந்தது உடைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த செவிலியர், அன்று மாலையே எனக்குச் செய்தி அனுப்பினார்.

மாமாவும் நானும் அக்காவை முதலில் அழைத்துச் சென்ற இடம், பழக்கமான ஒரு சிறு மருத்துவமனை. அங்கிருந்தவர் அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் உள்ளே அழைத்தார். “கட்டிதான்; நாளைக்கே எடுத்துவிடலாம், பணத்தோடு வாருங்கள்,” என்றார். எங்களுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரே நாளில் தீர்ந்துவிடுமே! ஆனால் அந்தச் செவிலியர் விடவில்லை. “ஊசி வைத்துச் சோதிக்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். என்ன கட்டி என்று தெரியாமல் எடுத்துவிட்டால், பிறகு செய்யவேண்டிய வைத்தியமெல்லாம் குழம்பிவிடும்,” என்று அவர் கண்டித்துச் சொன்னபோது, சம்பளத்திலும் பட்டத்திலும் சிறியவர் அறிவிலே பெரியவராக நின்றதைக் கண்டேன்.

திருச்சிக்குப் போனோம். மார்பை ஊடுகதிரால் படமெடுக்கும் மாமோகிராம் எடுத்தார்கள். ஒலியலைப் படம் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்திட்டு, ஊசி வழியே கட்டியின் சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். “ஊசி குத்தினால் பரவிவிடும்” என்று வழியெல்லாம் மாமா புலம்பிக்கொண்டே வந்தார். பரவாது, அந்த ஊசி இல்லாவிட்டால்தான் மருத்துவம் இருட்டிலே நடக்கும். அந்தத் துணுக்குதான், கட்டி எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை வாய்திறந்து சொல்லும் ஒரே சாட்சி!

முடிவு என் கைக்கு வந்தது. புற்றுநோய். கட்டி 4 சென்டிமீட்டர். அக்குளிலே நிணநீர்க் கணுக்கள் இரண்டிலும் நோய். நுரையீரல், ஈரல், எலும்பு ஆகிய இடங்களில் ஏதுமில்லை.

இப்போது கேளுங்கள், நான் செய்த காரியத்தை! தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வராந்தாவிலே உட்கார்ந்திருந்த அக்காவிடம் சென்று, “சாதாரணக் கட்டிதான் அக்கா, கொஞ்ச நாள் மருந்து ஏற்றினால் கரைந்துவிடும்,” என்றேன். மாமா தலையாட்டினார். மகன் தலையாட்டினான். மூன்று ஆண்கள் கூடி, ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தியை அவளிடமிருந்து ஒளித்துவைத்தோம். அதற்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டோம்!

மூன்று நாள் கழித்து, மருந்தேற்றும் பிரிவின் மருத்துவர் அம்மையார் கையொப்பத்துக்காக அக்காவை அழைத்தார். “நாங்கள் போடுகிறோம், டாக்டர், அவருக்கு விஷயம் தெரியாது,” என்றேன் மெதுவாக. அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நோய் யாருக்கு, உங்களுக்கா? தலைமயிர் உதிரப்போவது உங்களுக்கா? அவருக்குச் சொல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் ஏற்றமாட்டேன்,” என்றார். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். மருத்துவர் சொல்லத் தொடங்குமுன்பே என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியும், தம்பி. மூன்று நாளாக நீ என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லையே!”

மேடைகளிலே எனக்குக் கிடைத்த கைத்தட்டல்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் முன்னே சருகாக உதிர்ந்தன.

மருத்துவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். பாலைச் சுரக்கும் முடிச்சுகள், அதைக் கொண்டுவரும் குழல்கள். அவற்றிலே ஓர் அணு கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் புற்று. யாருடைய சாபமுமன்று, தொட்டால் ஒட்டிக்கொள்வதுமன்று. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு, பரம்பரையாக வரும் மரபணுப் பழுது காரணம். மற்றவர்களுக்கு வயதும் உடலின் சுரப்புகளும் இன்னும் பலவும் சேர்ந்து காரணம். ஆண்களுக்கும் வரும்; நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “சீமைக்கருவேலமரம் மாதிரியா டாக்டரம்மா? மரத்தை வெட்டினால் மட்டும் போதாது; ஆடு தின்று போட்ட விதை எந்தக் கொல்லையிலே முளைக்குமோ என்று பார்க்கவேண்டும். அப்படித்தானே?” என்றாள்.

மருத்துவர் வியந்தார். நான் தலைகுனிந்தேன். புரிந்துகொள்ளமாட்டாள் என்று நான் முடிவுகட்டிய பெண், நோயின் இலக்கணத்தையே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்!

ஆம், தோழர்களே! மார்பகப் புற்றுக்கான மருத்துவம் முழுவதும் இந்த இரண்டிலே அடங்கும். முதலாவது, மரம் நிற்கும் இடத்தைச் சுத்தம் செய்வது: அறுவையும் கதிர்வீச்சும். இரண்டாவது, உடலெங்கும் சென்றிருக்கக்கூடிய விதைகளை அழிப்பது: மருந்து. மருந்திலும் முக்கியமானவை மூவகை. வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லும் கீமோதெரபி ஒன்று. பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனை உண்டு வளரும் கட்டிக்கு அந்த உணவு கிடைக்காமல் செய்யும் மாத்திரைகள், டமாக்சிபென், லெட்ரோசோல் போன்றவை, இரண்டாவது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த கட்டியைக் குறிபார்த்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் போன்றவை மூன்றாவது. எவருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் சாதகமோ தீர்மானிப்பதில்லை. அந்தச் சதைத் துணுக்கின்மேல் செய்யும் சோதனை தீர்மானிக்கிறது. அக்காவின் கட்டி ஈஸ்ட்ரோஜனை உண்ணும் இனம். ஹெர்-2 மிகாத இனம்.

முதலில் மருந்து, பிறகு அறுவை என்றார் மருத்துவர். “கையிலே கத்தியிருக்கும்போது ஏன் காத்திருக்கவேண்டும்?” என்றார் மாமா. கட்டியும் பெரிது, கணுக்களிலும் நோய் என்ற நிலையில், மருந்தை முன்னே செலுத்தினால் கட்டி சுருங்கும். மருந்துக்கு அது பணிகிறதா என்பதும் கண்ணெதிரே தெரியும். முழு மார்பையும் எடுக்கவேண்டிய நிலை மாறவும் கூடும். இப்படி முற்றிய கட்டிகளுக்கு மருந்தையும் கதிரையும் முன்வைத்து, அறுவையைப் பின்வைத்துப் பல்லாண்டு பயின்றவர்கள் நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையினர்.

அடையாறு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவில் முதன்முதல் சட்டமன்றம் ஏறிய பெண்மணி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். புற்று வந்தவர் மாளத்தானே போகிறார், அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று எண்ணப்பட்ட காலத்திலே, 1954ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, 12 படுக்கைகளோடு அந்த நிலையத்தைத் தொடங்கினார். தங்கைக்காக அழுத கண்ணீரை அவர் புற்றிலே ஊற்றவில்லை. அதைக் கொண்டு ஒரு மருத்துவமனை எழுப்பினார்! 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். ஒரு சமுதாயம் நன்றியோடு நினைக்கவேண்டிய பெயர்கள் இவை.

புரட்டாசியிலே தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக எட்டுத் தவணை. மூன்றாம் வாரத்திலே தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, மழித்துக்கொண்டாள். “எந்தக் கோயிலுக்கு முடியிறக்கினாய்?” என்று ஊர் கேட்டது. “திருச்சி ஆசுபத்திரிக்கு!” என்றாள் அக்கா. குமட்டல் வந்தது, அடங்கியது. வாய்ப்புண் வந்தது, ஆறியது. காய்ச்சல் கண்ட ஒருநாள் இரவோடிரவாக ஓடினோம். மருந்துக் காலத்தில் இரத்தத்தின் வெள்ளணு குறையும், காய்ச்சலை ஒருநாளும் அசட்டை செய்யலாகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாசியிலே பார்த்தபோது எலுமிச்சங்காய் மீண்டும் சுண்டைக்காய் ஆகியிருந்தது. பால் செய்யாததை மருந்து செய்தது!

இனி அறுவை. “இரண்டு வழி இருக்கிறது,” என்றார் அறுவை மருத்துவர். “முழு மார்பையும் எடுத்துவிடுவது ஒன்று. கட்டியையும் சுற்றியுள்ள சிறிது சதையையும் மட்டும் எடுத்து, மார்பைக் காப்பது மற்றொன்று. இரண்டிலும் அக்குளின் கணுக்களை எடுப்போம். கணுக்களில் நோய் இருந்ததால் இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு. ஆயுள் இரண்டிலும் ஒன்றே. காத்த மார்பிலே நோய் மீண்டும் தோன்றச் சிறிது வாய்ப்பு உண்டு. ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்க்கவேண்டும். எது வேண்டும், அம்மா?”

அக்கா பேசுமுன்னே நாங்கள் பேசினோம். “முழுவதும் எடுத்துவிடுங்கள், வேரோடு போகட்டும்,” என்றார் மாமா. “பிள்ளை பெற்றாயிற்று, பால் கொடுத்தாயிற்று, 52 வயதிலே இனி அது எதற்கு?” என்றாள் உடன்வந்த அவள் நாத்தனார். நானோ வாய்திறக்கவில்லை, ஆனால், உள்ளத்திலே அதையேதான் எண்ணினேன். இனி எதற்கு? ஆம், நானும்!

அக்கா கேட்டாள்: “கண்ணுக்கு வயசாகிவிட்டால் பிடுங்கி எறிந்துவிடுவீர்களா? பல்லுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நல்ல பல்லைப் பிடுங்குவீர்களா? பிள்ளைக்குக் கொடுத்தது போக, இது என் உடம்பு இல்லையா?”

பெண்ணின் மார்பு ஆடவன் பார்ப்பதற்கும் பிள்ளை குடிப்பதற்கும் மட்டுமே படைக்கப்பட்டது. இரண்டும் முடிந்தபின் அது வேண்டாத சதை. இதுதானே நாங்கள் அத்தனை பேரும் சொல்லாமல் சொன்ன தீர்ப்பு? அடிமைத்தனத்தை ஏட்டிலும் சட்டத்திலும் தேடித்தேடிக் கண்டிக்கும் நாம், அறுவை அறையின் வாசலிலே அது நம் நாவிலேயே உட்கார்ந்திருப்பதைக் காண்பதில்லை!

அன்றிரவு மருத்துவமனை வராந்தாவிலே அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். மூடநம்பிக்கை புற்றங்கரையில் மட்டும் குடியிருக்கவில்லை, தோழர்களே. பட்டம் பெற்றோர் மண்டபத்திலும் அது வெள்ளங்கி அணிந்து உலவியிருக்கிறது. அமெரிக்காவிலே ஹால்ஸ்டெட் என்ற அறுவை மேதை, 1882 முதல், மார்பையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையைக் கையாண்டார். நோய் கட்டியிலிருந்து படிப்படியாக அக்கம்பக்கம் பரவுகிறது, ஆகவே எவ்வளவு பெரிதாக அறுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது கொள்கை. அவர் காலத்திலே அது பலரைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் காத்த கொள்கை பின்னர் வேதமாயிற்று! ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், கட்டி சிறிதாயினும் பெரிதாயினும் அதே அறுவை; குழிந்த நெஞ்சும் வீங்கிய கையுமாகப் பெண்கள் வீடு திரும்பினர்.

“ஏன்? சான்று எங்கே?” என்று கேட்டவர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் பிஷர், இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசி. 1970களிலே பெண்களின் சம்மதத்தோடு சீட்டுக்குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முழு அறுவை, மறு பிரிவினருக்கு மார்பு காக்கும் அறுவை என்று செய்து, இருபது ஆண்டு காத்திருந்து கணக்கெடுத்தனர். 2002இல் இருவர் முடிவும் வெளிவந்தது: ஆயுளிலே வேறுபாடில்லை! பிஷரின் ஆய்விலே இன்னொன்றும் தெளிந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளிக்காமல் விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே திரும்பியது. மார்பைக் காக்க விரும்புகிறவர் ஏன் கதிர்வீச்சைத் தவிர்க்கக்கூடாது என்பதற்கு இதுவே விடை.

இன்னொரு பெயரும் அன்றிரவு தெரிந்தது. ரோஸ் குஷ்னர், மருத்துவரல்லர், பத்திரிகையாளர். 1974இல் அவருக்குக் கட்டி கண்டது. அந்நாளில் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்திக் கட்டித் துணுக்கைச் சோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் எழுப்பாமலே மார்பை எடுத்துவிடுவார்கள். கண்விழிக்கும்போதுதான் அவள் அறிவாள், தனக்கு நோய் என்பதையும் மார்பு இல்லை என்பதையும்! “முதலில் சோதியுங்கள், என்னை எழுப்புங்கள், என்னிடம் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்வோம்,” என்று போராடினார் அவர். 1979இல் அந்நாட்டு அரசின் மருத்துவ நிலையம் கூட்டிய குழு, அவரும் உறுப்பினராக இருந்த குழு, அதை ஏற்றது. எழுப்புங்கள், சொல்லுங்கள்! அவர் அங்கே பெற்ற உரிமையைத்தான் நான் இங்கே சட்டைப்பைக்குள் மடித்து ஒளித்துவைத்தேன்.

அக்கா மார்பைக் காத்துக்கொண்டாள். பங்குனியில் அறுவை; சித்திரையில் கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாளாக மூன்று வாரம்.

ஆனால், கதை இதோடு முடிந்துவிட்டால் நான் உங்களுக்கு அரை உண்மையே சொன்னவனாவேன். பக்கத்துக் கட்டிலிலே இருந்தவள் செந்துறைப் பக்கத்து முந்திரிக்காட்டுக் கூலிப்பெண். வயது 40. கட்டி சிறிது, கணுக்களில் நோயில்லை. அவளுக்கும் இரண்டு வழி சொன்னார்கள். அவளோ முழு மார்பையும் எடுக்கச் சொல்லிவிட்டாள். அவள் அறியாமல் தேர்ந்தாளா? இல்லை, நன்றாக அறிந்தே தேர்ந்தாள். அவள் நிலையிலே முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. காத்துக்கொண்டால் கட்டாயம் தேவை. “மூன்று வாரம் இங்கே தங்கினால் முந்திரி பொறுக்கும் பருவமே போய்விடும், அண்ணே! இரண்டு பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?” என்றாள். காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது. போன கூலியை எந்த அட்டையும் ஏற்கவில்லை.

அக்காவின் முடிவும் சரி. அவளுடைய முடிவும் சரி. மருத்துவ நூலின்படி இரண்டும் சரி. முழு அறுவையை மனநிறைவோடு தேர்ந்து நிம்மதி பெறும் பெண்கள் பல்லாயிரவர். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த முந்திரிக்காட்டுப் பெண்ணின் முடிவை எடுத்தது அவள் மனமா, அவள் வறுமையா? தூரமும் கூலியும் சேர்ந்துகொண்டு கத்தியின் பாதையை வரைந்துவிட்டால், அதற்குத் தேர்வு என்று பெயர் சூட்டலாமா? இரண்டு வழிகளைச் சொல்வது மருத்துவர் கடமை. இரண்டு வழியிலும் நடக்கமுடியும்படி செய்வது சமுதாயத்தின் கடமை. தங்க இடமும் பிள்ளைக்குச் சோறும் இழந்த கூலிக்கு ஈடும் இல்லாதவரை அந்தக் கடமை பாக்கி நிற்கிறது.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். இந்தியாவில் அவ்வாண்டு கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம். நம் நாட்டிலே பெரும்பங்கினர், கட்டி முற்றிய பிறகே வருகிறார்கள். நோய் மார்போடும் கணுக்களோடும் நிற்கும்வரை முழு நலமே குறிக்கோள். எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டால், நோயை அடக்கி வாழ்நாளை நீட்டுவதும் வலியைத் தணிப்பதுமே குறிக்கோள். மருந்தே அங்கே முதல் ஆயுதம். அந்நிலையில் மார்பை அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் காட்டியது. ஆகவே, “எதற்காக இந்தச் சிகிச்சை? குணப்படுத்தவா, அடக்கவா?” என்று கேட்பது அவநம்பிக்கையன்று, அறிவு.

முன்கூட்டி அறிய வழியுண்டா? அதே டாடா நிலையத்தார் மும்பையின் எளிய மக்கள் பகுதிகளில் 1 லட்சத்து 51 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. 2021இல் வெளியான முடிவின்படி, நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. எங்கள் ஊர்ச் செவிலியரின் கை, அந்தக் கைகளின் உறவுதான்!

கட்டி, தோலிலே குழிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் நெறி: இவற்றில் எது கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். எல்லாக் கட்டியும் புற்றல்ல, பெரும்பாலானவை புற்றல்ல. அதைச் சொல்லவேண்டியது சோதனை. பருத்திக்காட்டுக் கிழவியன்று, தம்பியுமன்று. புற்று என்று உறுதியானால் கேளுங்கள்: என்ன இனம்? எந்தக் கட்டம்? எத்தனை வழி? ஒவ்வொன்றிலும் என்ன பயன், என்ன துன்பம், எத்தனை நாள், எவ்வளவு செலவு? இளம்பெண்ணாயின், பின்னால் பிள்ளைப்பேறு என்னாகும் என்பதையும் மருந்து தொடங்குமுன்பே கேளுங்கள். கேட்பதைக் கண்டு சினக்கும் மருத்துவர் இருந்தால், இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது உரிமை.

அக்கா இன்று லெட்ரோசோல் மாத்திரை ஒன்றை நாள்தோறும் விழுங்குகிறாள். எலும்பு தேயாமலிருக்க அதற்கும் மாத்திரை. இடது கை சற்று வீங்குகிறது. அதற்கான பயிற்சியைச் செய்கிறாள். பருத்திக்காட்டிலே முள் குத்தாமலிருக்க நீண்ட சட்டைக் கை போட்டுக்கொள்கிறாள். நோய் இனி வரவே வராது என்று எவரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை சோதனைக்குப் போகிறோம். முடிவுத்தாளை அவளே வாங்குகிறாள், மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், பிறகுதான் எங்களுக்குச் சொல்கிறாள்.

சென்ற ஆடியிலே ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு மருமகள் செம்பிலே பாலோடு புற்றங்கரைக்குப் புறப்பட்டாள். அக்கா அவளை நிறுத்தினாள். கேலி செய்யவில்லை, சொற்பொழிவும் ஆற்றவில்லை. “எங்கே இருக்கிறது கட்டி?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அக்காவே அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றாள். சோதித்தார்கள், வெறும் நீர்க்கட்டி.

தோழர்களே! புற்றுக்குப் பால் ஊற்றாதே என்று சொல்ல நமக்குத் தெரியும்; பல ஆண்டாகச் சொல்கிறோம். “எங்கே இருக்கிறது கட்டி?” என்று கேட்க நமக்குத் தெரியவில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயிடம், அக்காவிடம், மனைவியிடம் அதைக் கேளுங்கள். வாய் கூசும். கூசட்டும். கேளுங்கள். பதில் எதுவாயினும், அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.